துரியோதனன் இருக்கும் சொர்க்கம்

நாகப்பட்டினம் பகுதி அஞ்சலகங்களில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரின் கேள்வி பதில் பக்கம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மோட்சம், நரகம் பற்றியவை. அதனால் மற்றவை அடுத்த இதழுக்கு.

கேள்வி: என் அம்மா சென்ற ஆவணியில் காலமானார். காக்கைக்குச் சோறு வைக்காமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. என் கணவர் கிறிஸ்தவர். காரியத்துக்கு வந்த அவருடைய உறவினர் ஒருவர், "ஆண்டவரை ஏற்றுக்கொள்ளாமலே போய்விட்டார்களே" என்று கண்கலங்கினார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. என் அம்மா இப்போது எங்கே இருக்கிறார்?
– ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் மூன்று நாள் என் மேசை மேலேயே கிடந்தது. எந்தப் பதில் எழுதினாலும் ஆறுதல் வார்த்தையாகப் போய்விடுமோ என்று தயக்கம். உங்கள் அம்மாவின் விலாசம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த உறவினர் சொன்னது கிறிஸ்தவம் முழுவதற்குமான தீர்ப்பு அல்ல என்பது தெரியும்.

இதில் சபைக்குச் சபை பேச்சு மாறும். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதி வைத்திருப்பது இது: தம் குற்றம் எதுவும் இல்லாமல் நற்செய்தியை அறியாதவர்கள், நேர்மையான மனத்தோடு இறைவனைத் தேடி மனச்சாட்சிப்படி நடந்தால், அவர்களும் மீட்பு அடைய முடியும். அதற்கு முன்பே பாஸ்டன் நகரில் ஃபீனி என்ற பாதிரியார், திருச்சபைக்கு வெளியே எவருக்கும் மீட்பில்லை என்று பிடிவாதமாகப் பிரசங்கம் செய்தார். அது தவறான விளக்கம் என்று 1949இல் ரோம் சொன்னது. விளக்கம் கொடுக்க ரோமுக்கு வரச் சொன்னபோது அவர் போகவில்லை. 1953இல் அவரையே சபைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இதைப் படித்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். (கடைசிக் காலத்தில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இன்னும் பின்னால் போனால், நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி என்ற ஆயர், பொன்னை நெருப்பில் இட்டு அழுக்கு நீக்குவது போலத்தான் நரகத்தின் நெருப்பும், கடைசியில் எல்லோரும் இறைவனிடம் திரும்புவார்கள் என்று எழுதினார். இன்றும் அவர் புனிதர். ஏழாம் நூற்றாண்டில் நினிவேயின் ஈசாக்கு என்ற துறவி, இரக்கமுள்ள இதயம் எது என்று கேட்டதற்கு, மனிதருக்காகவும் பறவைகளுக்காகவும் விலங்குகளுக்காகவும் பேய்களுக்காகவும்கூட எரிகிற இதயம் என்றார். பேய்களுக்கே அழுத கிறிஸ்தவர்கள் இருந்திருக்கிறார்கள் அம்மா. காக்கைக்குச் சோறு வைத்தவரை விட்டுவிடுவார்களா?

இனி என் கதை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. கீச்சாங்குப்பத்து மீனவர்களும், கிறிஸ்துமஸ் முடிந்து வேளாங்கண்ணிக் கரையில் நின்றிருந்த யாத்திரிகர்களும் ஒரே அலையில் போனார்கள். முகம் தெரியாத உடல்களைக் குழி வெட்டி மொத்தமாக அடக்கம் செய்தார்கள். எரிக்க வேண்டியவர், புதைக்க வேண்டியவர் என்று பிரிக்க நேரமும் இல்லை, வழியும் இல்லை. நாகூரில் தர்காவுக்குச் சொந்தமான இடத்திலும் எல்லா மதத்தாரையும் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த வாரம் அஞ்சலகம் திறந்தபோது புத்தாண்டு வாழ்த்து அட்டைகள் வந்து குவிந்திருந்தன. அலை வருவதற்கு முன்பே எங்கெங்கோ தபால் பெட்டிகளில் போட்டவை. முதியோர் உதவித்தொகை மணியார்டர்களும் வந்தன. தபால்காரர் காலையில் கட்டை எடுத்துக்கொண்டு குப்பங்களுக்குப் போவார். மதியம் பாதிக் கட்டு அப்படியே திரும்பி வரும். ஒவ்வொன்றின் மேலும் 'இறந்துவிட்டார்' என்று எழுதியிருப்பார். நான் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மாரியம்மாள், அந்தோணி, பாத்திமா என்று பெயர்தான் மாறும், எழுதியிருக்கும் சொல் மாறாது. ஒருநாள் தபால்காரர் கேட்டார்: "சார், கருமாதிகூட யாரும் செய்யாமல் போனவர்களுக்கெல்லாம் கதி உண்டா?" எனக்குப் பதில் வரவில்லை. அவரே சொன்னார்: "இல்லாவிட்டால் நம் சாமிக்குத்தான் அவமானம்." இருபது ஆண்டுகளாக இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த உறவினர் கண்கலங்கினார் என்கிறீர்களே, அதை விடாதீர்கள். இரத்தச் சம்பந்தம் இல்லாத ஒரு மூதாட்டிக்காக அவருக்கே மனம் இளகுகிறது. அவர் கும்பிடும் ஆண்டவருக்கு அவரைவிடக் குறைந்த மனமா? அடுத்த முறை வீட்டுக்கு வந்தால் இதை அவரிடமே கேளுங்கள். சண்டையாக வேண்டாம், காப்பி கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எல்லா மதங்களும் ஒன்றைத்தானே சொல்கின்றன? பிறகு ஏன் இத்தனை நரகங்கள்?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: இல்லை தம்பி. அது மேடையில் பொன்னாடை போர்த்தியபின் பேசுகிற பேச்சு. மதங்கள் வேறு வேறு விஷயங்களைத்தான் சொல்கின்றன. ஒரே திருமாலைக் கும்பிடுகிறவர்களுக்குள்ளேயே பாருங்கள்: சில உயிர்கள் இயல்பிலேயே முடிவில்லாத இருளுக்கு உரியவை, அவற்றுக்கு மோட்சம் கிடையாது என்றார் மத்வர். எட்டெழுத்து மந்திரத்தை வெளியே சொன்னால் நரகம் என்று குரு எச்சரித்தும், திருக்கோஷ்டியூரில் ஊரைக் கூட்டி உரக்கச் சொன்னவர் இராமானுசர். பதினெட்டு முறை நடந்துபோய் வாங்கிய மந்திரம் அது என்பது குருபரம்பரைக் கதை. "இவர்கள் எல்லோரும் கடைத்தேறினால் நான் ஒருவன் நரகம் போனால் என்ன" என்றாராம். கோபமாக வந்த திருக்கோஷ்டியூர் நம்பி அதைக் கேட்டு அவரை 'எம்பெருமானாரே' என்று தழுவிக்கொண்டார்.

எனக்கு வியப்பு வேறொரு இடத்தில். கொள்கைகள் ஒத்துப்போகாத மதங்களில்கூட இப்படி ஓர் ஆள் எப்படியோ வந்துவிடுகிறார். பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்கள் பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்டபோது மோசே கடவுளிடம், இவர்களை மன்னியும், இல்லையென்றால் உம் புத்தகத்திலிருந்து என் பெயரையும் அழித்துவிடும் என்றார். நரகங்கள் காலியாகும்வரை புத்தராக மாட்டேன் என்று உறுதி பூண்டவர் க்ஷிதிகர்ப்பர் என்ற போதிசத்துவர். ஜப்பானில் ஜிஸோ என்ற பெயரில் தெருமுனைகளில் நிற்கிறார். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியவர்கள் அல்ல.

கேள்வி: வாழ்நாள் முழுவதும் அயோக்கியத்தனம் செய்தவனுக்கும் கடைசியில் மோட்சம் என்றால், ஒழுங்காக இருந்தவன் முட்டாளா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

பதில்: ஐயா, இதே கேள்வியைத் தருமரும் கேட்டார். பாரதத்தின் கடைசிப் பருவத்தில் சொர்க்கத்துக்குள் நுழைந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டவன் துரியோதனன். சூரியனைப் போல ஒளிர்ந்துகொண்டு ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறான்! தருமருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. இவன் இருக்கும் இடத்தில் நான் இருக்க மாட்டேன், தம்பிகள் எங்கே என்று கேட்டார். அழைத்துப் போனார்கள்: இருட்டு, பிண நாற்றம், சகதி. திரும்பிவிடலாம் என்று அவர் கால் பின்வாங்கும்போது, போகாதே, உன் மேல் பட்டு வரும் காற்றால்தான் எங்கள் வேதனை குறைகிறது என்று குரல்கள். கர்ணன், பீமன், அர்ச்சுனன், திரௌபதி. தருமர் தூதனைப் பார்த்து, நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் நரகம் கலைந்தது.

நான் இதைப் பல முறை படித்துவிட்டேன். துரியோதனனைச் சொர்க்கத்திலிருந்து வெளியேற்றியதாக எங்கும் இல்லை. மாறியது தருமர். கங்கையில் மூழ்கி எழுந்தபோது பகை அவரை விட்டுப் போயிருந்தது.

படிப்பது சுலபம். என் பெரியப்பா மகன் ஒருவர் எங்களுக்குச் சேரவேண்டிய இரண்டு மா நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பதினேழு ஆண்டுகள் அவரோடு பேசவில்லை. கருடபுராணத்தில் எந்த நரகம் அவருக்குப் பொருந்தும் என்று பார்த்துவைத்த ஆள் நான். அவர் படுத்த படுக்கையானபோது என் மனைவி வற்புறுத்தி அனுப்பிவைத்தாள். கட்டிலருகே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்றார். அவ்வளவுதான். இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

நிலம் இன்னும் அவர் பிள்ளைகளிடம்தான் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் அவர் நரகத்தில் கிடக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அந்தக் கட்டிலோடு போய்விட்டது. எனக்கே போய்விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்காக இருந்தவன் முட்டாளா என்கிறீர்கள். நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, அது சொர்க்கத்துக்குக் கட்டிய தவணையா?

கேள்வி: பெருமாள் பக்தரான நீங்கள் வியாழன்தோறும் நாகூர் தர்காவுக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். பெருமாள் கோபிக்க மாட்டாரா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சௌந்தரராஜப் பெருமாளை அறுபது ஆண்டுகளாகச் சேவிக்கிறேன், இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அவருக்கு வராத பயம் எனக்கெதற்கு? பெருமாளை நம்மாழ்வாரைவிட அறிந்தவர் யார்? அவரே "அவரவர் இறையவர் குறைவிலர்" என்று பாடிவிட்டார். குர்ஆனில் இறைவன், என் அருள் எல்லாப் பொருள்களையும் சூழ்ந்திருக்கிறது என்கிறான். எல்லாப் பொருள்களிலும் நாமம் போட்ட கிழவன் ஒருவனும் சேர்த்திதானே. நாகூர் புறாக்களுக்குத் தானியம் வாங்கிப் போடுவது கூடுதல் இன்பம்.

கேள்வி: தாத்தா, சொர்க்கத்தில் தபால் நிலையம் உண்டா?
– ஆறாம் வகுப்பு மாணவி, திருத்துறைப்பூண்டி

பதில்: இருந்தால் நல்லது கண்ணு. மேலே ஓர் அத்தைக்கு எழுதிய பதிலில் புத்தாண்டு அட்டைகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவற்றில் ஒன்றில் அனுப்பியவர் விலாசம் இல்லை. 'அன்புள்ள ஆத்தாவுக்கு' என்று உன்னைப் போன்ற ஒரு குழந்தையின் கையெழுத்து, ஒரு மஞ்சள் படகுப் படம். விதிப்படி அதை வேறு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை. இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. போகும்போது நானே எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். மேலிடத்தில் யாரிடமும் சொல்லிவிடாதே, ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.