ஃபிளாஷ் இல்லாமல் காட்டுக் காளான்களை நெருக்கமாகப் படமெடுப்பது எப்படி?

மழைக்காலத்தில் மரநிழலில் காளான் எடுத்தால் படம் இருட்டாக வருகிறது, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டினால் புள்ளி புள்ளியாகிறது, வெயிலில் எடுத்தால் வெளுத்துப்போகிறது, ஃபிளாஷ் வாங்கித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்குங்கள். காளான் என்ன பட்டாம்பூச்சியா, பறந்துபோக? நின்ற இடத்தில் நிற்கும் பொருளுக்கு வெளிச்சம் போதவில்லை என்றால் ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைத்தால் போதும். அந்த ஒன்றிரண்டு நொடி எதுவும் அசையாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வேலையும்.

நான் ஐந்தாறு வருடங்களாக ஏற்காட்டில் எடுத்துவருகிறேன். தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டம் அது. சில்வர் ஓக் நிழலும் மக்கிய கட்டைகளும் நிறைந்தது. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த மறுநாள் காலை போவேன். பிந்தினால் பொடிக் காளான்கள் மதியத்துக்குள் சுருங்கி வாடிவிடும். முதல் முறை சருகில் குப்புறப் படுத்திருந்தபோது பழம் பறிக்க வந்த அம்மா ஒருவர், “எதைத் தொலைத்தீர்கள்?” என்று கேட்டு, கூடச் சேர்ந்து தேடவும் தொடங்கிவிட்டார்.

மப்பும் மந்தாரமுமான நாளைவிட நல்ல விளக்கு கிடையாது. வானம் முழுவதும் ஒரே வெள்ளைத் துணியாகி, நிழல் விழாத ஒளி வரும். கெடுப்பது இலை இடுக்கில் இறங்கும் வெயில் பொட்டுதான். காளான் குடையின் ஒரு பக்கம் சுட்ட அப்பளம் போல வெளுத்திருக்கும், மறுபக்கம் கரி. அப்போது இடையில் ஒரு வெள்ளைக் குடையையோ டிரேசிங் தாளையோ பிடித்து ஒளியைப் பரப்புங்கள். நிறக்குடை மட்டும் ஆகாது. ஒருமுறை நண்பர் தன் சிவப்புக் குடையை அன்போடு விரித்துப் பிடித்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பால் வெள்ளைக் காளான்கள் அத்தனையும் குங்குமத்தில் குளித்திருந்தன. பச்சைச் சட்டையும் அதே வேலையைச் செய்யும். இலைகளின் வழியே வரும் ஒளியிலேயே பச்சை கலந்திருப்பதால், முதலில் ஒரு வெள்ளைத் தாளை காளான் அருகில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு நிறத்தைச் சரிசெய்வது எளிது.

அடுத்தது காளான் குடையின் அடிப்பக்கம். காளானின் அழகு முழுவதும் அந்தச் செவுள் மடிப்புகளில்தான் இருக்கிறது, ஆனால் வெளிச்சமோ மேலிருந்து வருகிறது. சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளை உள்ளங்கையளவு கிழித்து, நன்றாகக் கசக்கி, மறுபடி விரித்து, தண்டுக்கு முன்னால் படத்தில் விழாதபடி தரையில் சாய்த்து வையுங்கள். கசக்காத தாள் கண்ணாடி போல ஒரே இடத்தில் சுள்ளென்று அடிக்கும். கசங்கிய தாள் ஒளியைச் சிதறவிடும். தாளை ஒரு விரற்கடை நகர்த்தினாலே மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெளிந்துவருவதைத் திரையில் பார்க்கலாம். நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான்.

முக்காலிகள் பெரும்பாலும் இந்த வேலைக்கு உயரம் அதிகம். கேமராவின் கண் செவுளுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்கவேண்டும். அரைக்கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, அதன்மேல் கேமராவை அழுத்தி உட்காரவைக்கிறேன். ஐஎஸ்ஓ 200, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்) எஃப் 8, ஷட்டர் ஒன்று முதல் இரண்டு நொடி. விரலால் அழுத்தினால் அசையும் என்பதால் 2 நொடி டைமர். லென்ஸில் அதிர்வுக் குறைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். லைவ் வியூவில், அதாவது கேமராவின் திரையில், காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸைக் கையால் வையுங்கள். இவ்வளவு செய்தும் என் படங்கள் ஆடியே வந்தன. காரணம் பிடிபட ஒரு காலைப்பொழுதே போயிற்று: சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய குடை, நூல் போன்ற தண்டு, அதற்கு ஒரு சாண் தூரத்தில் என் மூக்கு. என் மூச்சில்தான் அது ஆடிக்கொண்டிருந்தது.

குடை ஈரத்தில் பளபளத்து நிறம் தெரியாவிட்டால் லென்ஸின் முன்னால் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) மாட்டித் திருப்பிப் பாருங்கள். அது ஒளியைத் தின்னும்தான், ஆனால் நமக்கு அவசரமில்லையே. செல்பேசிக்காரர்களும் கேமராவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்யலாம்.

பொருளை அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழவைக்கும் நெருக்கத்தில், எஃப் 8 வைத்தாலும் முன்பின்னாகத் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். எஃப் 22 வரை போனால் ஆழம் கூடும், ஆனால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (விளிம்புவிலகல்) படம் முழுவதும் மழுங்கும். அதனால் எஃப் 8-லேயே இருந்துகொண்டு, ஃபோகஸை முன்னிருந்து பின்னாகத் துளித்துளியாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் சேர்த்துக் கணினியில் ஒரே படமாக அடுக்குகிறேன்.

காளானைப் பிடுங்கி வசதியான இடத்தில் நட்டு எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். படத்தில் அது உடனே தெரிந்துவிடும், தண்டைச் சுற்றிச் சருகு பொருந்தியிருக்காது. மறைக்கும் புல்லை வளைத்துவிடுங்கள், மண்துகளைத் தூரிகையால் தட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வனத்துறை நிலமென்றால் அனுமதி வாங்காமல் நுழையாதீர்கள். யானை நடமாடும் இடத்தில் தரையில் படுப்பது புத்திசாலித்தனமல்ல. படமெடுத்த காளானைப் படத்தை வைத்து அடையாளம் கண்டு சமைக்கும் எண்ணமும் வேண்டாம்.

சென்ற ஐப்பசியில் இப்படிப் பதினான்கு படங்கள் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒன்பதாவதில் ஓர் எறும்பு தண்டில் ஏறிச் செவுளுக்குள் நுழைந்தது. அடுக்கிப் பார்த்தால் ஆறு அரை எறும்புகள். அடுக்கியதை அழித்துவிட்டேன். அந்த ஒன்பதாவது படம்தான் இப்போது என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. குடையின் பின்விளிம்பு மங்கல்தான்.