முதல் அரைச் சுற்று

அன்புள்ள ஐயா,

நான் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். பீவர்கில் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கப் பழகியபின், தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் மிதக்கும் பொய் ஈக்களை நானே கட்டுகிறேன். ஹேக்கில் எனப்படும் சேவல் இறகை முள்ளில் சுற்றும்போது அதன் இழைகள் நாலாபக்கமும் கோணிக்கொள்கின்றன. தண்ணீரில் விட்டால் ஈ ஒருபக்கம் சாய்கிறது. இன்னும் இறுக்கிச் சுற்ற வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

இன்னும் இறுக்கினால் இறகின் தண்டுதான் முறியும். சுற்றத் தொடங்கும் முன்பே, இறகைக் கட்டும் இடத்தில் தவறு நேர்ந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

சேவல் இறகின் அடியில் பஞ்சுபோல் இருக்கும் இழைகளை முழுக்க உருவிவிடுங்கள். அவை தண்ணீரைக் குடிக்கும். பிறகு தண்டை நூலால் கட்டும்போது, கட்டுக்கும் முதல் இழைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் வெறுந்தண்டு இருக்கட்டும். முள்ளைச் சுற்றத் திரும்பும்போது இறகு தன் விளிம்பின்மேல் எழுந்து நிற்க வேண்டும். அந்தத் திருப்பம் வெறுந்தண்டிலேயே முடிந்துவிட்டால் முதல் இழை முள்ளுக்குச் செங்குத்தாக எழும். இல்லையென்றால் அது கோணிக்கொண்டு கிளம்பும். அடுத்தடுத்த சுற்றுகளும் அதன்மேல் சாய்ந்து கோணும். இறகைப் பிடித்திருக்கும் இடுக்கி விரல்களுக்குள் உருண்டாலும் இதே கதைதான். இறகின் பளபளப்பான முகம் முன்னே பார்க்க வேண்டுமா, பின்னேயா என்பது தீராத வழக்கு. நான் முன்னே வைக்கிறேன். எதுவானாலும் கடைசிச் சுற்றுவரை மாறக்கூடாது.

ஈயின் சிறகுக்குப் பின்னால் மூன்று சுற்று, முன்னால் மூன்று. அதற்குமேல் ஆசைப்பட்டால் முள்ளின் கண் அடைபடும். சிறகின் அடியைச் சுற்றி இறகைக் கிடையாகச் சுற்றும் பாராசூட் வகையில் மட்டும் ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே போகும்.

மிதக்கும் ஈக்களைப் பற்றி 1886இல் நூல் எழுதிய இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு, 1890இல் அமெரிக்காவின் தியோடர் கார்டனுக்குத் தம் ஈக்களை அனுப்பிவைத்தார். அவை இங்கிலாந்தின் அமைதியான சுண்ணாம்புப்பாறை நிலத்து ஓடைகளுக்கானவை. உங்கள் பீவர்கிலைப் போல, கார்டன் மீன் பிடித்த நெவர்சிங்கும் துள்ளி ஓடும் ஆறு. அதற்கு ஈடுகொடுக்கத்தான் கார்டன் விறைப்பான இறகாகத் தேடிக் கட்டினார்.

சாய்வதற்கு இழையின் நீளமும் காரணமாகலாம். முள்ளின் வாய் அகலத்தைப்போல, அதாவது முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியைப்போல, ஒன்றரை மடங்கு போதும். ஈ முன்னே இழை நுனிகளிலும் பின்னே வாலிலுமாக நிற்கிறது. ஆகவே வாலையும் ஒருமுறை பாருங்கள்.

கெட்டுப்போன ஈக்களை எறிந்துவிடாதீர்கள். பிளேடால் இறகையும் நூலையும் அறுத்தெடுத்தால் முள் மறுபடி உதவும். என் மேசையில் அப்படி ஒரு டப்பா நிறைய இருக்கிறது.