வெள்ளை எல்ஈடிக்குள் மஞ்சளுக்கு என்ன வேலை?

கேள்வி (மாங்குளம்): அண்ணை, பழுதான பல்ப் ஒன்றைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள் பொட்டுகள்தான் இருக்கின்றன. பிறகு எப்படி வெள்ளை வெளிச்சம்?

பதில்: மஞ்சளுக்கு அடியில் இருப்பது நீல எல்ஈடி, தம்பி. இண்டியம் காலியம் நைட்ரைட்டால் ஆன சிறு சில்லு (சிப்). 450 நானோமீற்றர் அளவு அலைநீளத்தில் நீல ஒளி விடும். மேலே பூசியிருப்பது பொஸ்பர், பெரும்பாலும் சீரியம் கலந்த யிற்றியம் அலுமினியம் கார்னெட். நீலத்தில் ஒரு பங்கை அது விழுங்கி, பச்சையிலிருந்து சிவப்பு வரை பரந்த மஞ்சள் ஒளியாக விடும். தப்பி வந்த நீலமும் இந்த மஞ்சளும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. மஞ்சள் ஒளிக்கு நீலத்தைவிடச் சக்தி குறைவு. மிச்சம் சூடாகப் போகும்.

பூச்சைவிட நீலச் சில்லுக்குத்தான் உலகம் நெடுநாள் காத்திருந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் நகமுரா பிரகாசமான நீலத்தை 1993இல் கொண்டுவந்தார். 1996இல் அங்கிருந்தே வெள்ளையும் வந்தது. இந்த நீல எல்ஈடிக்காகவே 2014இல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் நோபல்.

கேள்வி (கிளிநொச்சி): புடவைக்கடை வைத்திருக்கிறேன். கடைக்குள் மங்கலாகத் தெரியும் சிவப்புச் சேலை வெளியே போனால் பளிச்சென்று இருக்கிறதே?

பதில்: உங்களுடையது மலிவான கூல் வைற்றாக, அதாவது நீலச் சாயல் வெள்ளையாக இருக்கும். அதில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. நல்ல பல்ப்களில் யூரோப்பியம் கலந்த சிவப்புப் பொஸ்பரும் சேர்ப்பார்கள். பெட்டியில் சிஆர்ஐ 90 என்று இருக்கிறதா பாருங்கள். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. வீட்டுக்கு 80 போதும், துணிக்கடைக்குப் போதாது. 3000 கெல்வின், 6500 கெல்வின் என்பதெல்லாம் வெளிச்சத்தின் சாயலைத்தான் சொல்லும்.

கேள்வி (விசுவமடு): சுவிச்சை நிறுத்தியும் பல்ப் மங்கலாக மினுங்குகிறது. பொஸ்பரில் ஒளி தங்கிவிடுகிறதா?

பதில்: இல்லை. இந்தப் பொஸ்பர் ஒரு செக்கனில் கோடியில் சில பங்குக்குள் அணைந்துவிடும். வயரிங்கில்தான் சந்தேகம். சுவிச் லைவை (கரண்ட் வரும் வயரை) வெட்டாமல் நியூற்றலை (திரும்பிப் போகும் வயரை) வெட்டினால் இப்படி வரும். அப்போது ஹோல்டரில் கரண்ட் நிற்கும். மெயினை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள். மின் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): வயற்கரை வீடு. முற்றத்து லைற்றில் பூச்சி மொய்க்கிறது.

பதில்: நீல ஒளி பூச்சியை நன்றாக இழுக்கும். மஞ்சள் சாயலுள்ள வாம் வைற் போட்டால் குறையும். ஆனால் மழை விட்ட இரவில் வரும் ஈசலுக்கு எந்த பல்ப்பும் ஒன்றுதான்.