தோட்டத்து ஆட்களுக்குக் கடன் கொடுக்கலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

தஞ்சாவூரில் இருந்து கல்யாணமாகி இலங்கைக்கு, நுவரெலியாவுக்கு வந்து நாலு மாதம் என்று எழுதியிருந்தீங்க தங்கச்சி. வீட்டிலேயே முறுக்கு, இட்லி மாவு, சாம்பார் பொடி செய்து விற்கலாமா, எவ்வளவு முதல் வேண்டும், விசாவில் பிரச்சினை வருமா, தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கடன் கொடுத்தால் காசு திரும்பாது என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருந்தீங்க. கடைசிக் கேள்வியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. 2011இல் திண்டுக்கல்லில் இருந்து நான் அட்டனுக்கு வந்தபோது எனக்கும் இதையேதான் சொன்னார்கள். சொன்னவர்கள் வேறு யாருமில்லை, எனக்கு முன்னாடி நம்ம ஊர்ப்பக்கம் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்து டவுனில் இருந்த அக்காமார்தான்.

அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். தோட்டப் பக்கமே போகாமல் டவுனில் ஒரு பெரிய கடைக்கு முறுக்குப் போட்டேன். "வித்த பிறகு காசு" என்று பேச்சு. மூன்று மாதம் போட்டேன். மழைக்காலத்தில் நமுத்துப்போன பக்கெட்டுகளை (நம்ம ஊரில் பாக்கெட்) திருப்பிக் கட்டிக் கொடுத்துவிட்டு, மீதிக் காசுக்கு நாளைக்கு வா, முதலாளி இல்லை என்று அலைக்கழித்தார்கள். 18,000 ரூபாய். என் காதுத் தோட்டை அடகு வைத்த காசு அது. இன்றுவரை வரவில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்தால் அழுதுவிடுவேன் என்று இரண்டு வாரம் பேசவே இல்லை.

அப்போது என் மாமிதான் மிச்ச முறுக்கைப் பையில் போட்டுக்கொண்டு அவர் பிறந்து வளர்ந்த லயத்துக்கு, அதுதான் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கெட் எடுத்தார்கள். காசு சம்பளத்துக்கு என்றார்கள். நான் பயந்துகொண்டே கொப்பியில் பெயர் எழுதினேன். எங்கள் பக்கம் மாதம் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் போடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள், நான் கேட்பதற்கு முன்னாடியே வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு அக்கா மட்டும் பாதிதான் கொண்டுவந்தார். தீபாவளிக்குத் தோட்டத்தில் கொடுத்த முற்பணத்தைச் சம்பளத்தில் வெட்டிவிட்டார்கள், மிச்சம் அடுத்த மாதம் என்றார். அதே மாதிரி கொடுத்தார்.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது ஆளை இல்லை, திகதியை. 10க்குப் பிறகு ஒரு வாரம் நல்லாப் போகும், 20 தாண்டினால் சின்னப் பக்கெட் மட்டும் போடுங்கள். தீபாவளிக்கு முன்னாடி எவ்வளவு சுட்டாலும் பத்தாது. தீபாவளி முடிந்து முற்பணத்தைத் தவணையாகக் கழிக்கிற மாதங்களில் கையை அடக்குங்கள். கடைக்குப் போடுவதென்றால் கைமேல் காசு, இல்லையென்றால் வேண்டாம்.

பத்து வருசம் இங்கே இருந்தும் இவர்களை "அந்த ஆட்கள்" என்று பேசுகிற நம்ம ஊர்க்காரர்களைக் கண்டால் எனக்கு ஆறவே ஆறாது. யார் அந்த ஆட்கள்? என் மாமியின் பாட்டன் முசிறிப் பக்கத்தில் இருந்து வந்தவர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் என்று நம்ம ஜில்லாக்களில் இருந்து கோப்பித் தோட்டக் காலத்திலேயே வந்து இந்த மலையைத் திருத்தியவர்கள். நாம் நேற்று வந்தவர்கள்.

இனி இட்லி மாவு. நுவரெலியா 6,000 அடிக்கு மேலே, அட்டனை விடக் குளிர். ராத்திரி ஆட்டி வைத்தால் விடிய மாவு ஆட்டினபடியே கிடக்கும். வெந்தயம் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டி, பானையைக் கம்பளியால் சுற்றி அடுப்பு மேடையில் வையுங்கள். அப்படியும் மதியம் ஆகலாம். முறுக்கு நன்றாக ஆறிய உடனே பக்கெட்டை ஒட்டிவிட வேண்டும், மூடுபனி ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும்.

சாம்பார் பொடி வேண்டாம். இங்கே தேங்காய்ப்பால் விட்ட கறி, வறுத்து இடித்த தூள். நான் இடித்த மூன்று கிலோ சாம்பார் பொடி கடைசியில் சும்மா கொடுத்தே தீர்ந்தது. மாமியிடம் கறித்தூள் வறுக்கப் பழகினேன், இன்றைக்கு என் வீட்டில் அதிகம் போவது அதுதான். சிங்களமும் பழகினேன். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா குசினி பார்க்க வந்தால் நானே பேசுவேன், லேபிளில் சிங்கள எழுத்தையும் நானே பிழை பார்ப்பேன்.

விசா விசயம் பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்தில் நேரே கேளுங்கள், ஆள் ஆளுக்குச் சொல்வதைக் கேட்காதீர்கள். தொழில் பதிவு நாங்கள் என் வீட்டுக்காரர் பெயரில் பிரதேச செயலகத்தில் செய்தோம். முதல் என்று பெரிதாக வேண்டாம், ஐந்து கிலோ மாவில் தொடங்குங்கள்.

2022இல் நாடே தடுமாறியபோது என் தொழிலும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். அதற்கு முன்னாடியே இறக்குமதித் தடையில் உளுந்து விலை எங்கேயோ போயிருந்தது, பிறகு காஸ் சிலிண்டர் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. அடுப்பு நாலு நாள் எரியவில்லை. ஐந்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் அந்த லயத்துப் பெண்கள் மூன்று பேர், தலையில் மிலாறுக் கட்டு, காய்ந்த தேயிலைக் குச்சி விறகு. எவ்வளவு காசு என்று கேட்டேன். தீபாவளி முற்பணம் வெட்டுப்பட்டு அன்றைக்குப் பாதிக் காசு கொண்டுவந்தாரே, அந்த அக்கா கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "கொப்பியில எழுதிக்கங்க, சம்பளத்துக்குப் பாத்துக்கலாம்."