இதயம் பிறழ் சாட்சி ஆனால்?

கேள்வி: செத்த பிறகும் வாழ்வு உண்டு என்று நம்பி, லட்சக்கணக்கான அடிமைகளைச் சாகடித்துப் பிரமிடு கட்டிய எகிப்திய மன்னர்களைவிடப் பெரிய மூடர்கள் உலகில் உண்டா? அவர்களுக்கும் தமிழர்களுக்கும் தொடர்பு இருந்தது என்கிறார்களே, நிஜமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: முதலில் உங்கள் அடிமைகளை விடுவித்துவிடுகிறேன். கிசாவில் பிரமிடு கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் 1990இல் அந்தப் பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே கிடைத்தன. ரொட்டிக்கும் பீருக்கும் ஜாடி வைத்து, முறையாக அடக்கம் செய்திருக்கிறார்கள். அடிமைக்கு யார் அந்த மரியாதை செய்வார்கள்? சுகமான வேலை என்று நான் சொல்லவில்லை. தேய்ந்த முதுகெலும்புகளும், ஒடிந்து மறுபடி கூடிய கை எலும்புகளும் அங்கே இருக்கின்றன. அரசன் கூப்பிட்டால் போயே தீர வேண்டிய ஊழியம் அது. ஆனால் சாட்டை சுழலும் காட்சி சினிமாக்காரர்கள் கொடுத்தது.

இனி உங்கள் 'மூடர்கள்'. ஒரு மம்மியை எழுபது நாள் எடுத்துச் செய்தார்கள். மூளையை மூக்கு வழியாகக் கொக்கி விட்டு இழுத்து எறிந்தார்கள். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கும் தனித்தனி ஜாடிக்குப் போயின. இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள். புத்தியும் நினைவும் குடியிருப்பது அங்கேதான் என்பது அவர்கள் கணக்கு. மறு உலகக் கடவுள் ஒசிரிஸின் சபையில் விசாரணை நடக்கும்போது தராசில் ஏறப்போவதும் அதுதான். ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் நீதித் தேவி மாஆத்தின் இறகு. 42 நடுவர்கள் முன்னால் "நான் திருடவில்லை, எடையில் ஏமாற்றவில்லை" என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். இதயம் கனத்தால், பக்கத்தில் அம்மித் காத்திருக்கிறது. தலை முதலை, முன்பாதி சிங்கம், பின்பாதி நீர்யானை. அது விழுங்கினால் மறுபிறப்பு, மறுமை எதுவும் கிடையாது.

இதுவரைக்கும் பக்தி. இனிமேல்தான் வேடிக்கை. வாழ்நாள் முழுக்கக் கூடவே இருந்த இதயம், விசாரணையில் உண்மையைக் கக்கிவிட்டால்? அதற்கும் ஏற்பாடு செய்தார்கள். பச்சைக்கல்லில் ஒரு வண்டு செதுக்கி, அடியில் ஒரு மந்திரம் வெட்டி, நெஞ்சின் மேல் வைத்தார்கள். மந்திரத்தின் சாரம் இது: "என் தாய் தந்த இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழுந்து நிற்காதே." பிறழ் சாட்சி ஆகிவிடாதே என்று சாட்சியையே கெஞ்சுகிறார்கள்! அதோடு, கோர்ட் வாசலில் பத்திரம் எழுதுபவர் கோடிட்ட இடம் விட்டு வைத்திருப்பதுபோல, பெயருக்கு மட்டும் இடம் விட்டு முன்கூட்டியே எழுதிய மந்திரச் சுருள்களும் இருந்தன. காசு உள்ளவர் வாங்கிப் பெயரை நிரப்பிக்கொள்ளலாம். மறு உலகத்தில் வயல்வேலைக்குக் கூப்பிட்டால் "இதோ இருக்கிறேன்" என்று தமக்குப் பதிலாக எழுந்து போக, சின்னச் சின்ன வேலையாள் பொம்மைகளும் வைத்துக்கொண்டார்கள். துத்தன்காமூன் என்ற மன்னனின் கல்லறையில் மட்டும் 413. சொர்க்கத்திலும் ஊழியத்துக்கு ஆள் பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களை மூடர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சோபெகெம்சாஃப் என்ற அரசப் பெயர் பொறித்த இதய வண்டு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனித முகம் கொண்ட வண்டு, அடியில் தங்கத் தகடு. அந்தப் பெயரில் இரண்டு மன்னர்கள் உண்டு. அவர்களில் ஒருவரின் கல்லறையை ஒன்பதாம் ராமேசஸ் காலத்தில் அமென்பனூஃபர் என்ற கல்தச்சனும் கூட்டாளிகளும் தோண்டினார்கள். அவன் கொடுத்த வாக்குமூலம் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் அப்படியே இருக்கிறது. மன்னனின் முகத்தில் இருந்த பொன் முகமூடியைக் கழற்றினோம், நகைகளை எடுத்தோம், சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தோம் என்கிறான். எட்டுப் பேர் பங்கு போட்டதில் ஆளுக்கு 20 டெபன் பொன். நம் எடையில் சுமார் 1.8 கிலோ. இடையில் ஒருமுறை பிடிபட்டிருக்கிறான். தன் பங்கை அப்படியே ஓர் எழுத்தரிடம் நீட்டினான், விட்டுவிட்டார்கள். திரும்பி வந்ததும் கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து அவன் நஷ்டத்தை ஈடுகட்டினார்கள். தொழிலில் என்ன நேர்மை! பிரேதத்தை எரித்தால் அந்த மன்னனுக்கு மறுமையே இல்லை என்று ஊரே நம்பிய காலம் அது. அவன் கை நடுங்கியதாக வாக்குமூலத்தில் ஒரு வரி இல்லை.

நம்பாதவர்களும் அங்கே இருந்தார்கள். இண்டெஃப் மன்னரின் கல்லறையில் இருந்ததாகச் சொல்லப்படும் யாழ்ப்பாட்டு ஒன்று, "போனவர் யாரும் திரும்பி வந்து அங்கே எப்படி இருக்கிறது என்று சொன்னதில்லை, இருக்கும் நாளைக் கொண்டாடு" என்கிறது. செத்தவன் வந்து சொன்னானா என்று நம் ஊர்ப் பெரிசுகள் திண்ணையில் கேட்பதைக் கல்லறைப் பாட்டாகவே பாடியிருக்கிறார்கள்.

தமிழ்த் தொடர்புக்கு வருகிறேன். 66 ஆண்டுகள் ஆண்டு, கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராமேசஸின் மூக்குத் துளைகளில் மிளகு வைத்திருந்தார்கள். மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவில் படரும் கொடி. நைல் நதிக்கு அது எத்தனை கை மாறிப் போனதோ. சேரநாட்டு முசிறித் துறைமுகத்தில் யவனக் கப்பல்கள் மிளகு ஏற்றியது இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பின்னால். ஆகவே அந்த மன்னரின் மூக்கு வரைக்கும் நீங்கள் தாராளமாகப் பெருமைப்படலாம். ராமேசஸ் என்ற பெயருக்குள் ராமர் இருக்கிறார் என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். 'சூரியக் கடவுள் ரா ஈன்றவர்' என்பதுதான் அதற்குப் பொருள்.