இறந்த ஆட்டின் திசுவில் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி சோதனை செய்வதால் என்ன பயன்?

திருப்புல்லாணிப் பக்கத்துக் கிடையில் ஆடுகள் இறந்ததாகவும், நுரையீரல் துண்டைத் திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இட்டு இச்சோதனைக்கு அனுப்பலாம் என மருத்துவர் கூறியதாகவும் எழுதி, வழக்கமான திசுப் பரிசோதனை போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இராமநாதபுரம் கடலோரத்தில் பணிபுரியும் கால்நடை மருத்துவன் என்ற முறையில், அனுப்புங்கள் என்றே சொல்வேன்.

வழக்கமான ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாயம் திசு எவ்வாறு சிதைந்திருக்கிறது என்பதைக் காட்டும். சிதைத்தது எது என்பதைப் பல நேரங்களில் ஊகிக்கத்தான் வேண்டும். வைரஸால் வரும் ஆட்டுக்கொல்லி நோயிலும் (பிபிஆர்) பாக்டீரியா நிமோனியாவிலும் சளியும் மூச்சிரைப்பும் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது, இரண்டாவதற்கு வழிதிறந்து விடுவதும் உண்டு. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரியில், ஆட்டுக்கொல்லி வைரஸின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை மெல்லிய திசுச்சீவலின் மேல் இட்டு, ஒரு நொதியின் வினையால் அது படிந்த இடத்தில் பழுப்பு நிறம் எழச் செய்கிறார்கள். மூச்சுக்குழல் கிளைகளின் உட்படலத்திலும், பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்களிலும் அந்நிறம் தெரிந்தால், சிதைவு நேர்ந்த இடத்திலேயே வைரஸ் இருந்தது என்பது கண்ணுக்குப் புலனாகிறது. வைரஸின் மரபணுப் பொருளை அரைத்த திசுவில் தேடும் பிசிஆர் சோதனையால் இந்த இடத்தொடர்பைக் காட்ட இயலாது.

நம் பகுதி வெயிலுக்கும் இம்முறை ஏற்றது. ஃபார்மலினில் உள்ள திசு, ஐஸ் இல்லாமலே தொலைவிலுள்ள ஆய்வகத்தைச் சென்றடையும். ஆனால் இறந்தவுடன் எடுக்க வேண்டும். துண்டின் தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமலும், 10 சதவீத ஃபார்மலின் திசுவைப்போல் பத்து மடங்கு அளவிலும் இருக்க வேண்டும். வாரக்கணக்கில் ஊறவிட்டால் புரதத்தின் அடையாளம் மறைந்து, நோய் இருந்தும் நிறம் எழாமல் போகலாம்.

வெறிநாய்க்கடியில் இதன் பயன் இன்னும் பெரிது. வெறிநோயால் இறந்த எல்லா விலங்குகளின் மூளையிலும் நெக்ரி உடலங்கள் (வெறிநோயில் நரம்புச் செல்களுக்குள் உருவாகும் நுண்திரள்கள்) தென்படுவதில்லை. அவை தென்படாத மூளையிலும் வைரஸ் புரதத்தை இச்சோதனை காட்டக்கூடும். கடிபட்டவர் மட்டும் எந்த முடிவுக்காகவும் காத்திராமல் உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஒதுங்கும் ஓங்கில்களிலும் (டால்பின்) ஆட்டுக்கொல்லி வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த நோயை இச்சோதனையால் தேடலாம். அழுகிய உடலில் முடிவை நம்ப இயலாது.

ஒன்றை வலியுறுத்துகிறேன்: உங்கள் கிடையில் இப்போது காய்ச்சலோடு நிற்கும் ஆடுகளுக்கு இது முதற்சோதனை அன்று. அவற்றின் மூக்குச்சளியைப் பிசிஆருக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை நோயுற்றவற்றைத் தனியே கட்டுங்கள், எந்த ஆட்டையும் சந்தைக்கு ஓட்ட வேண்டாம்.