140 டிகிரி தண்ணீரில் யூனிட் ஹீட்டர் எவ்வளவு வெப்பம் தரும்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கிடங்குக்கு மணிக்கு 80,000 பிடியூ (BTU, வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் வேண்டும். கேட்டலாக்கில் 1,00,000 என்று போட்டிருக்கும் வெந்நீர் யூனிட் ஹீட்டர் (வெந்நீரால் சூடான காற்றை விசிறியால் ஊதும் கருவி), குறைந்த சூட்டுத் தண்ணீரில் இயங்கும் கண்டென்சிங் பாய்லரின் 140 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீரில் போதுமா?

போதாது. கேட்டலாக் எண் வழக்கமாக 200 டிகிரித் தண்ணீர், 60 டிகிரியில் உள்ளே வரும் காற்று என்ற நிலைக்கு உரியது. ஹீட்டருக்குள் வெந்நீர் ஓடும் குழாய்ச் சுருள் (coil) தரும் வெப்பம் கிட்டத்தட்ட இவ்விரண்டின் வித்தியாசத்தைப் பொறுத்தே ஏறி இறங்கும். அங்கே வித்தியாசம் 140, உங்களிடம் 80. வகுத்தால் 0.57, ஆக அந்த ஹீட்டர் 57,000தான் தரும். உங்கள் 80,000ஐ 0.57ஆல் வகுத்துப் பாருங்கள்: கேட்டலாக்கில் 1,40,000 போட்ட ஹீட்டர் வேண்டும். கிடங்கை 50 டிகிரியில் வைத்தால் போதும் என்றால் 0.57க்குப் பதில் காரணி 0.64; வெப்பத் தேவையும் குறையும்.

தண்ணீர் ஓட்டம் பாதியானால் வெப்பம் பாதியாகாது, இழப்பு அதைவிடக் குறைவு. தண்ணீர் உறையாமலிருக்க கிளைக்கால் (glycol) திரவம் கலந்தாலோ, டென்வர் போல உயரமான ஊரானாலோ தயாரிப்பாளரின் திருத்தக் காரணியாலும் பெருக்க வேண்டும்.

பலர் கவனிக்காதது வெளிவரும் காற்றின் சூடு. 1,500 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) விசிறியில் 57,000 பிடியூ கிடைத்தால் காற்று 35 டிகிரிதான் ஏறும். அந்த 95 டிகிரிக் காற்று வேகமாக ஆள் மேலே பட்டால் உடம்புக்குக் குளிர்ச்சியாகத் தோன்றலாம். லூவரை (காற்றின் திசையைத் திருப்பும் தகடுகளை) ஆள் நிற்கும் இடத்திலிருந்து திருப்பி வையுங்கள்.